அடுப்படிப் புகை: ஊவாத் தோட்டங்களில் முதலில் காக்க வேண்டியவர்கள்

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் மிக மோசமான காற்று வீட்டுக்குள்தான் இருக்கிறது. பதுளை பஸ் நிலையத்து டீசல் புகையைக் கண்டு எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். பசறை, நமுனுகுலை, ஹாலிஎல, அப்புத்தளை, ஹல்துமுல்லை, கொஸ்லந்தை, லுணுகலை பக்கத்து லயன்களில் விடியுமுன் மூட்டும் அடுப்பின் புகையை மட்டும் யாரும் மாசு என்று எண்ணுவதில்லை. அது சமையலோடு கூடப் பிறந்தது என்றே பழகிவிட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகிலேயே சமைத்தன. தோட்டப்புறத்தில் விறகில்லாத அடுப்படியைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒருவர் உடலுக்குள் போகும் புகையின் அளவை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: காற்றில் எவ்வளவு புகை, அதில் எவ்வளவு நேரம், அடுப்புக்கு எவ்வளவு கிட்ட. இம்மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் பயன் உண்டு. புது வீடு கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

புகை தேங்கும் விதம்

பழைய லயன் காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சிறு இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன்களில் பின்சுவர் அடுத்த வீட்டுக்குச் சொந்தம். அங்கே சன்னல் வைக்க வழியில்லை. முன்கதவால் வரும் காற்று வெளியேற மறுபக்கம் இல்லை. பல குடும்பங்கள் தகரமடித்துச் சமையலறையை ஒட்டுப் போட்டிருக்கின்றன. தகரத்தை மழைக்காக இறுக்கி அடிப்பதால் அந்தச் சிறு இடம் காம்பராவை விடக் கூடுதலாகப் புகை பிடிக்கிறது.

நேரமும் காலநிலையும் இதோடு சேர்கின்றன. கொழுந்துக்குப் போகும் பெண் காலைச் சாப்பாட்டையும் பகல் சாப்பாட்டையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். குளிருக்குக் கதவு சாத்தியிருக்கும். ரொட்டி சுடுவதற்குக் கல்லின் மேல் குனிந்தே நிற்க வேண்டும்; சோறு வேகும் நேரத்தில் போல் வெளியே வந்துவிட முடியாது. பிறகு குளிக்கச் சுடுதண்ணீர். மாலையில் மறுபடியும் இதே வரிசை.

ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. அந்த மாதங்களில் விறகு நனைந்திருக்கும், கதவு மூடியிருக்கும், பிள்ளைகளுக்குச் சளியும் இருக்கும். ஆண்டின் மோசமான புகைக் காலம் இதுவே.

உலக சுகாதார அமைப்பு 2021 இல் திருத்திய வழிகாட்டலின்படி, 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்த நுண்துகள் ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமையும், ஒரு நாளில் 15 மைக்ரோகிராமையும் தாண்டக்கூடாது. இலங்கையின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி ஆண்டுக்கு 25, நாளுக்கு 50 என்று கொஞ்சம் தாராளமாக வைத்திருக்கிறது. அந்த ஒழுங்குவிதி வெளிக்காற்றுக்கு உரியது. மூடிய அடுப்படியில் விறகு எரியும் நேரத்தில் இந்த அளவு சில நூறுகளைத் தாண்டுவது உலகெங்கும் அளந்து கண்ட உண்மை. கருவி இல்லாதவர்கள் சுவரையும் கூரையையும் பார்த்தால் போதும். கூரைத் தகரத்தில் கரி பிசின்போல் ஒட்டியிருந்தால், சமைக்கும்போது எதிர்ச்சுவர் மங்கலாகத் தெரிந்தால், கண் எரிந்து நீர் வடிந்தால் அந்த வீடு ஆபத்தான வீடு.

உடலுக்குள் நடப்பது

தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இந்தத் துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்பதில்லை. நுரையீரலின் காற்றுப் பைகள் வரை இறங்குகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் செயலிழப்பதால் கிருமிகள் தங்குகின்றன. மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவர் கெடுகிறது. இதனால்தான் புகையின் கேடு இருமலோடு முடிவதில்லை. வீட்டுக்குள் உண்டாகும் புகையால் 2020 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாரடைப்பு முதலான இதய நோய்களாலும் பாரிசவாதத்தாலும் இறந்தவர்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மட்டும் 2,37,000 பேருக்கு மேல்.

இன்னொரு கேடு காபனோரொட்சைட்டு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு ஈமோகுளோபின் முன்பே குறைவு; இருப்பதிலும் ஒரு பகுதியைப் புகை பிடித்துக்கொள்கிறது. சத்துக் குறைவும் புகையும் தோட்டப் பெண்களின் உடலில் இப்படித்தான் கைகோத்துக்கொள்கின்றன. ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டுவிடும் சுகாதாரத் திட்டம் பாதி வேலையே செய்கிறது.

யாருக்கு முதல் இடம்

கர்ப்பிணிப் பெண் முதலில். தாயின் இரத்தத்திலிருந்து காபனோரொட்சைட்டு சிசுவின் இரத்தத்துக்குப் போய், தாயிடம் உள்ளதை விட இறுக்கமாக அங்கே தங்குகிறது. எடை குறைந்த பிறப்பு, குறைமாதப் பிறப்பு, செத்துப் பிறத்தல் ஆகியவற்றோடு புகைக்குத் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் ரொட்டிக் கல்லின் முன் வேறொருவர் நிற்பதே மலிவான மருந்து. அந்த வேறொருவர் கணவனாக இருக்கத் தடையேதும் இல்லை.

அடுத்து, பாட்டியும் பேரப்பிள்ளையும். இந்த இருவரையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும். தாய் மலைக்குப் போனபின், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டிதான் பல வீடுகளில் அடுப்பைக் காக்கிறாள். கைக்குழந்தை சூட்டுக்காக அடுப்படியிலேயே தொட்டிலில் கிடக்கிறது. குழந்தை தன் எடைக்கு ஏற்பப் பெரியவர்களை விட அதிகக் காற்றை இழுக்கிறது. அதன் மூச்சுக்குழாய் குறுகலானது. நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை. பாட்டியோ ஐம்பது வருடப் புகையைச் சுமந்தவள். ஒரு நாளும் சுருட்டுப் பிடிக்காத பெண்ணுக்கு நாட்பட்ட சுவாசத்தடை நோய் வருவது இதனால்தான். "புகைக்கிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றே சொல்வாள், நோய் தப்பிவிடும். "எத்தனை வருடம் விறகடுப்பில் சமைத்தீர்கள்?" என்று சேர்த்துக் கேட்க வேண்டும். கண்புரைக்கும் அடுப்புப் புகைக்கும் தொடர்பு உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

ஆஸ்துமா, இதய நோய், பழைய காசநோய்த் தழும்பு உள்ளவர்கள் எந்த வயதிலும் இந்த வரிசையில் சேர்வார்கள். பாடசாலைக்குப் போகுமுன் அடுப்பூதும் பெண்பிள்ளைகளையும் மறக்கக் கூடாது.

தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையம், அதாவது பிள்ளைக் காம்பரா, குழந்தையைப் பகல் முழுவதும் வீட்டுப் புகையிலிருந்து விலக்கி வைக்கிறது. அதன் சொல்லப்படாத பெரும் நன்மை இது. ஆனால் அங்கேயும் பால் காய்ச்சுவது விறகில் என்றால், சமையலிடம் பிள்ளைகள் தூங்கும் அறையிலிருந்து தனியாகவும் காற்றடிக்கும் திசைக்குக் கீழேயும் இருக்க வேண்டும்.

அடுப்படியில் செய்யக்கூடியவை

முதல் வேலை விறகைக் காய வைப்பது. புதிதாக வெட்டிய விறகின் எடையில் பாதியளவு தண்ணீர்; எரியும் சூடு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகி, மரம் சரியாக எரியாமல் புகைகிறது. கவ்வாத்து மிலாறாக இருந்தாலும் யூகலிப்டஸ் கட்டையாக இருந்தாலும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை உலர்காலம் இருக்கும்போதே வெட்டி, பிளந்து, தரையில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து வைக்க வேண்டும். அந்த விறகுதான் நவம்பர் மழைக்கு. அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையிலேயே விறகைக் காய வைப்பது பழைய வழக்கம். விறகு காய்கிறது என்பது உண்மை. ஆனால் அதற்காகப் புகையைக் கூரைக்குள் அடைத்து வைக்க வேண்டியிருக்கிறது. விறகுக் கொட்டில் வெளியே இருந்தால் அந்தத் தேவை நீங்கும்.

இரண்டாவது, சுடுதண்ணீர் அடுப்பை வெளியே கொண்டுபோவது. குளிப்பதற்குத் தண்ணீர் சுட வைப்பது ஒரு வேளைச் சமையலுக்குச் சமமான விறகைத் தின்னும். அதற்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதும் இல்லை. இஸ்தோப்புக்கு அப்பால் ஒரு சிறு தகரக் கூரையின் கீழ் மூன்று கல் போதும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லா மாற்றங்களிலும் செலவு குறைந்து பலன் கூடியது இதுவே.

அடுப்பைப் பொறுத்தவரை, 1980களில் இலங்கையில் பரவிய அனகி என்ற இரட்டை மண் அடுப்பைப் பலரும் அறிவார்கள். ஒரே வாயில் விறகு வைத்தால் இரண்டு பாத்திரம் கொதிக்கும். மூன்று கல் அடுப்பை விட விறகு கணிசமாக மிச்சம். இருந்தும் அதற்குப் புகைபோக்கி இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்: உண்டாகும் புகை குறைகிறது, உண்டான புகை அறைக்குள்ளேயே நிற்கிறது. புகைபோக்கி வைப்பவர்கள் அதைக் கூரையின் உச்சி முகட்டுக்கும் மேலே குறைந்தது இரண்டடி உயர்த்த வேண்டும். தாழ்வாக விட்டால் காற்று புகையைத் திருப்பித் தள்ளும், அல்லது அடுத்த காம்பராவின் கூரைக்குள் அனுப்பும். மரச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டு குழாய் போகக்கூடாது. மாதம் ஒரு முறை கரியைத் தட்டி எடுக்காத புகைபோக்கி சில மாதங்களில் வெறும் அலங்காரம்தான். புகைபோக்கிக்கு வசதியில்லாத இரட்டை லயன்களில், முகட்டுத் தகரத்தை ஒரு சாண் உயர்த்தி மழைக்கு மேல்மூடி போட்டாலே சூடான புகை தானாக மேலேறி வெளியேறும்.

அடுப்பு மூட்டச் சொப்பிங் பேக், செருப்புத் துண்டு, டயர்த் துண்டு போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். அந்தப் புகையின் நஞ்சு விறகுப் புகையில் இல்லாதது. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதே 2017 செப்டெம்பர் முதல் சட்டப்படி தடை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை முற்றாக விடச் சொன்னால் பாட்டிமார் கேட்கமாட்டார்கள். தலையைத் துவட்டிச் சூடான துணியால் மூடினால் போதும் என்றும், சாம்பிராணி போட்டே ஆக வேண்டுமானால் குழந்தை இல்லாத அறையில் போடலாம் என்றும் சொல்வது நடைமுறைக்கு ஒத்தது. நுளம்புச் சுருள் ஒன்று எரிந்து தீரும்போது 75 முதல் 137 சிகரெட்டுகளுக்கு ஈடான நுண்துகளை வெளியிடுகிறது என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. நுளம்பு வலை இதைவிட எல்லா வகையிலும் மேல்.

குளிருக்காகக் கரிச்சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிரைப் பறிக்கும். புகையே இல்லாத தணலில்தான் காபனோரொட்சைட்டு நிறைய வருகிறது. இதில் எந்த விலக்கும் இல்லை.

காஸ் அடுப்பு பற்றிய கேள்வி

காஸ் வந்தால் புகை போகும் என்பது சரியே. வாங்க முடியுமா, தொடர்ந்து வாங்க முடியுமா என்பதே கேள்வி. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானது. அதே ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. கஷ்டப்பட்டுக் காஸுக்கு மாறிய குடும்பங்களும் அப்போது விறகுக்கே திரும்பின.

காஸினால் எதிர்பார்க்கும் எல்லா நன்மையும் கிடைத்துவிடும் என்றும் உறுதி சொல்லக்கூடாது. தமிழ்நாட்டின் நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி பகுதிகளையும் குவாத்தமாலா, பெரு, றுவாண்டா நாடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. விறகில் தொடர்ந்து சமைத்த பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம்; காஸ் கிடைத்தவர்களுக்கு அது ஏறத்தாழ 24. ஆனால் 2022 இல் வெளியான முடிவில், குழந்தைகளின் பிறப்பு எடையில் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குவாத்தமாலாவில் முன்பு புகைபோக்கி அடுப்பு கொடுத்துச் செய்த பரிசோதனையில் கடுமையான நிமோனியா குறைந்தது. மலாவியில் மேம்பட்ட விறகடுப்பு கொடுத்தபோது குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. இந்த முடிவுகள் அடுப்பை மாற்றாதே என்று சொல்லவில்லை. போஷாக்கு, இரும்புச்சத்து மாத்திரை, கிளினிக் வருகை ஆகியவற்றின் இடத்தை அடுப்பு பிடித்துவிடாது என்றே சொல்கின்றன. குறைந்த காஸ்தான் கைக்கு எட்டும் என்றால், அதைக் காலை நேரத்துக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்: கதவு மூடியிருக்கும் நேரம், குழந்தை உள்ளே தூங்கும் நேரம் அதுதான்.

தொழிற்சாலையும் மலையும்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட வைத்து அரைக்கும் பகுதிகளில் தூசு குறைவு. உலர்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரித்துப் பொதி செய்யும் இடத்தில்தான் மெல்லிய தும்பும் தூசும் மிதக்கின்றன. இலங்கை மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட 1970 இலும் 1980 இலும் வெளியிட்ட ஆய்வுகள் தேயிலைத் தூசினால் வரும் ஆஸ்துமாவையும் தேயிலைத் தொழிலாளரின் நாட்பட்ட மார்புச்சளியையும் பதிவு செய்தன. வேலை நாளில் இருமலும் இழுப்பும் கூடி, லீவு நாளில் குறைந்தால் வேலையிடத்தையே சந்தேகிக்க வேண்டும். அதை நாட்குறிப்பாக எழுதி வைத்தால் வைத்தியருக்கு உதவும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றோட்டத்தையும் தூசு அகற்றுவதையும் முதலாளியின் கடமையாக்குகிறது. முகத்தில் துணி கட்டிக்கொள்வது நுண்ணிய தூசைத் தடுக்காது. என்95 வகை முகக்கவசம் தடுக்கும்.

மலையில் மருந்தடிக்கும்போது காற்று அடித்துச் செல்லும் திசையில் கொழுந்தெடுக்கும் கூட்டமோ பிள்ளைக் காம்பராவோ இருக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது.

காட்டுத்தீக் காலம்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்கு அதன் பேர்போன மணத்தைத் தருகிறது. பதனைப் புல்வெளிகளுக்குத் தீ பரவுவதும் அதே காற்றில்தான். எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லைச் சரிவுகள் புகையும் நாட்களில் வழக்கமான ஆலோசனை தலைகீழாகிறது: கதவு சன்னலைச் சாத்த வேண்டும். அப்படிச் சாத்திய வீட்டுக்குள் விறகடுப்பு எரியக்கூடாது என்பதால், அன்று சமையல் குறைவாகவும் காற்று மாறும் நேரத்திலும் இருக்கட்டும். பாடசாலைகள் விளையாட்டுப் பாடத்தை நிறுத்த வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் இன்ஹேலரைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

மாசு தூரத்திலிருந்தும் வரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் சூறாவளியோடு எல்லை தாண்டி வந்த அழுக்குக் காற்றால் நாட்டின் பல பகுதிகளில் காற்றின் தரம் கெட்டு, டிசம்பர் 9 அன்று பாடசாலைகள் மூடப்பட்டன. இத்தகைய நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் காற்றுத்தர அறிவிப்பை அதிபர்களும் தோட்ட வைத்திய உதவியாளர்களும் கவனிக்க வேண்டும்.

வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நேரம்

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயது முதல் ஐந்துக்குள் 40, அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலித்தாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். தோட்ட டிஸ்பென்சரியில் தரும் இருமல் பாணி இதற்கு மருந்தல்ல.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர், அது அடுப்புப் புகையால் வந்தது என்று தானே முடிவு கட்டாமல், சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். காசநோய்க்கும் இதே அறிகுறிதான். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மேடேறும்போது முன்பை விட மூச்சு வாங்கும் நடுத்தர வயதுப் பெண்களைப் பதுளை மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பி, ஊதிப் பார்க்கும் சோதனை செய்விக்க வேண்டும். மூடிய அறையில் ஒரே நேரத்தில் பலருக்குத் தலைவலியும் மயக்கமும் வாந்தியும் வந்தால் எல்லோரையும் உடனே வெளியே தூக்க வேண்டும். அந்நிலையில் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி சரியாக இருப்பதுபோல் எண் காட்டும், அதை நம்பக்கூடாது.

கோரிக்கை வைக்கும் முறை

விறகைக் காய வைப்பதும் குழந்தையை நகர்த்துவதும் குடும்பத்தால் முடியும். சுவரை உடைத்துச் சன்னல் வைப்பதும் கூரையைத் திறப்பதும் பல தோட்டங்களில் நிர்வாகத்தின் அனுமதியின்றி முடியாது; லயன் இன்னும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. ஆகவே புகைபோக்கி, முகட்டுத் திறப்பு, தனிச் சமையலறை ஆகியவற்றுக்கான கோரிக்கை தோட்டத் துரைக்குப் போக வேண்டும். பிரதிகள் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் போகட்டும். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ நுரையீரல் நோயாளியோ உள்ள காம்பராக்களின் இலக்கத்தை முதலில் எழுதினால், எங்கே வேலையைத் தொடங்குவது என்ற கேள்விக்கு இடமிருக்காது. வாயால் சொன்ன கோரிக்கை துரை மாறினால் மறைந்துவிடும். எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையொப்பம் வாங்கி வைத்திருங்கள்.